கை பிடித்து மூச்சு எண்ணுகிறவள்

ஆஸ்பத்திரியில் அவளை மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை படுக்க வைக்கிற அறையில் அவள் நர்ஸ். அந்த அறைக்கு வருகிறவர்களுக்கு வலி, வாந்தி, குளிர் என்று ஆயிரம் உபத்திரவம் இருக்கும். ஆனால் அங்கே பயப்பட வேண்டியது மூச்சுக்குத்தான். மயக்க மருந்து முழுதாக இறங்காத உடம்பு மூச்சு விடுவதையே மறந்துபோகும். மறந்ததை நினைவுபடுத்த ஒருத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருத்தியாக இருந்து இருந்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

மூச்சை எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. "உங்க மூச்ச எண்ணப் போறேன்" என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், அடுத்த நொடியே அவர் மூச்சு மாறிவிடும். போட்டோ எடுக்கிறேன் என்றதும் முகம் விறைத்துக்கொள்கிறதே, அதைப் போலத்தான். அதனால் அவள் சொல்ல மாட்டாள். நாடி பார்ப்பவளைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கண் சுவர்க் கடிகாரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஓரக்கண் நெஞ்சில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொண்ட பொய் இது. வாயால் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷி, கையால் மட்டும் ஆயிரக்கணக்கான பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். அந்த ஆஸ்பத்திரியிலேயே ஒரு தரம் குழாய் வெடித்து வார்டெல்லாம் தண்ணீராகிவிட்டபோது, முழங்கால்வரை பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்தவர். தண்ணீரை நிறுத்திவிட்டு, கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்த இளம் நர்ஸைப் பார்த்து, "இறங்குங்க, முதலை ஒண்ணும் இல்ல" என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். வாழ்க்கை முழுக்க அப்படித்தான் பேசினார். ஒரு பேச்சுக்கும் பிடிகொடுக்க மாட்டார், எதையும் சிரிப்பாக்கிவிடுவார். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு கடைவீதியில் நடக்கிற ரகம் இல்லை. அவர் கையில் எப்போதும் ஸ்பேனர், அவள் கையில் எப்போதும் யாரோ ஒருவருடைய மணிக்கட்டு. ஒரே ஒரு மகள். படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். உடம்பைக் கீறாமல், தொண்டைக்குள் எதையும் விடாமல் மூச்சைக் கவனிக்க என்னென்ன கருவி உண்டோ, அத்தனையையும் ஒரே நோயாளியிடம் ஒரே நேரத்தில் வைத்துப் பார்த்து, எது நம்பத் தகுந்தது என்று கண்டுபிடிப்பது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. "உங்க கண்ணுதான்" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. கருவிகள் ஒரு பக்கம் எண்ணும். மூச்சக்கா இன்னொரு பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணுவாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கருவிகளைப் பற்றி, கூட வேலை செய்கிறவர்களைப் பற்றிப் புறம் பேசுவது போலப் பேசுவாள். நெஞ்சில் ஒட்டுகிற ஸ்டிக்கர் சுத்த மோசம், நெஞ்சு ஏறி இறங்கினாலே போதும், மூச்சு என்று கணக்கு எழுதிவிடும். தொண்டை அடைத்துக்கொண்டு ஒரு பொட்டுக் காற்று உள்ளே போகாமல் நெஞ்சு மட்டும் தவித்தாலும் அதற்கு அது மூச்சுதான்.

"குழாய் அதிருதுன்னா தண்ணி வருதுன்னு அர்த்தமா?" என்பார் அவர், சாப்பிட்டுக்கொண்டே. "அத யாரு வாங்கினது?"

விரலில் மாட்டும் கிளிப்போ, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லுமே தவிர மூச்சைச் சொல்லாது. மூச்சு நின்று, எல்லாம் கைமீறிப் போகிற நேரத்தில்தான் அலறும். மூக்குக்குக் கீழே வைக்கிற சின்னக் குழாய் வெளியே வருகிற காற்றையே பிடித்துப் பார்த்துச் சொல்லும். இருக்கிறதில் அதுதான் யோக்கியம். ஆனால் யோக்கியமாக இருந்து என்ன பிரயோசனம், பாதி மயக்கத்தில் இருக்கிறவர்கூட முதல் வேலையாக அதைத்தான் பிடுங்கி எறிகிறார்.

நாலாவது புதுசு. மெத்தைக்கு அடியில் போடும் மெல்லிய மேட். உடம்பில் ஒரு ஒயர் படாது. மூச்சு விடும்போது உடம்பு லேசாக அசைகிறதே, அந்த அசைவு மெத்தை வழியாக இறங்கி மேட்டுக்குத் தெரிந்துவிடும். எண் ஃபோனில் வந்து நிற்கும். முதல் வாரத்தில் எல்லாருக்கும் அதன்மேல் ஒரே பிரியம். பிறகு ஒரு நாள், வலி மருந்து கொஞ்சம் அதிகமாக ஏறிப்போன ஒரு நோயாளியைப் பார்க்க அவர் மனைவி வந்தாள். பாசத்தில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தடவிக் கொடுத்தாள். மேட் பதினேழு என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மூச்சக்காவின் கண்ணுக்கு ஆறுகூடத் தேறவில்லை. ஆளை உலுக்கி எழுப்பி, ஆக்சிஜன் வைத்து, மருந்து போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மேட் எண்ணியது மனைவியின் மூச்சை.

"ஒரே கட்டில்ல ரெண்டு பேர் இருந்தா, எது பலமா இருக்கோ அதத்தான் எடுத்துக்கும்" என்று மேட் கம்பெனி இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "நாங்களே எழுதிப் போட்டிருக்கோம். யாரு படிக்கறாங்க?"

அன்றிலிருந்து மூச்சக்காவுக்குப் புதுப் பல்லவி வந்துவிட்டது. யார் வந்தாலும், "கட்டில்ல உக்காராதீங்க." அழுகிற அம்மாவானாலும் சரி, ஆறுதல் சொல்ல வந்த மாமாவானாலும் சரி, "ஸ்டூல் இருக்கு பாருங்க, கட்டில்ல உக்காராதீங்க." டாக்டரம்மாவே ஒரு நாள் அசதியில் கட்டிலில் சாய்ந்துவிட்டு, அவள் முறைத்த முறைப்பில் எழுந்துகொண்டாராம்.

குழாய்க்காரருக்கு இருமல் வந்தது அந்தச் சமயத்தில்தான். சுவரையும் சிமெண்ட் குழாயையும் அறுத்து அறுத்து, வருஷக்கணக்காக உள்ளே போன தூசி நுரையீரலை இறுக வைத்துவிட்டது என்றார்கள். பஞ்சு போல விரிய வேண்டியது காய்ந்த தோல் மாதிரி ஆகிவிட்டதாம். இனி இறுகிக்கொண்டேதான் போகும், திரும்பி வராது. டாக்டரம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் கேட்டது ஒன்றுதான். "கடைசியில தொண்டைக்குள்ள குழாய் கிழாயெல்லாம் வேணாம் டாக்டர். நான் போட்ட குழாயே போதும் ஊருக்கு. வீட்லயே இருந்துடறேன்." கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மூச்சக்கா பக்கத்தில் நின்றுகொண்டு தலையை ஆட்டினாள். சம்மதித்து ஆட்டினாளா, என்ன செய்வதென்று தெரியாமல் ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியாது.

படுக்கையறை மாறிப்போயிற்று. பீரோ இருந்த இடத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்து உறுமிக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்பேனர் பை கதவுக்குப் பின்னால் போயிற்று. மனிதர் சட்டைக்குள் தேட வேண்டிய அளவுக்கு இளைத்துவிட்டார். நிமிஷத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு என்று மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது, சும்மா படுத்திருக்கும்போதுகூட. அவள் நீண்ட லீவு போட்டுவிட்டு வீட்டோடு இருந்தாள். இருந்து என்ன செய்தாள்? எண்ணினாள். தண்ணீர் கொடுக்க வந்தால் மணிக்கட்டைப் பிடிப்பாள். தலையணையை நகர்த்த வந்தால் பிடிப்பாள். எண்ணுவதை நிறுத்தினால் ஆள் போய்விடுவார் என்று அவளுக்குள் ஒரு பயம் வந்து குடியேறிவிட்டது. அறிவு கெட்ட பயம்தான். அறிவுள்ளவர்களுக்கும் வரும்.

ஒரு நாள் அவர் கேட்டார். "எவ்வளவு?"

"என்னது எவ்வளவு?"

"எண்ணினியே."

"நாடிதான் பாத்தேன்."

"நர்சம்மா" என்றார் அவர். வம்புக்கு இழுக்கும்போது அப்படித்தான் கூப்பிடுவார். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நீ என் கையப் புடிச்சதே இல்ல. இப்ப மூச்சுக்கு முந்நூறு தடவ புடிக்கற. சரி, கடைசியிலயாவது குடுத்து வச்சவனா இருக்கேனேன்னு சந்தோஷப்பட்டேன். பாத்தா, கண்ணு நெஞ்சு மேல இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரம் ஆனது. முதுகைத் தடவி விட்டுவிட்டு அவள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியபடி, "அந்தக் குழாய்ல வாஷர் போயிடுச்சு. சத்தம் மாறிடுச்சு பாரு" என்றார். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் வேறென்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் கையை நீட்டினார். "ஒரே ஒரு தடவ சும்மா புடி. எண்ணாம."

பிடித்தாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். எதிர் வீட்டு மாடியில் காய்கிற துணிகளைப் பார்த்தாள். அவள் உதடு தன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது.

"எத்தனையில இருக்க?" என்றார் அவர்.

"பதினொண்ணு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் கையை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கையைத் தொடவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஆராய்ச்சி முடிந்து, மேட்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் சும்மா கிடந்தன. டாக்டரம்மா ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மூச்சக்கா அதைக் கொண்டுவந்து, அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து மெத்தைக்கு அடியில் போட்டு, ஒயரைக் கட்டில் காலோடு சேர்த்து ஓட்டி, சுவரோரமாக மறைத்தாள். இனி கையைத் தொடாமலே தெரிந்துகொள்ளலாம், அவருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்தாள். குழாய்க்காரரிடம் போய் ஒரு ஒயரை ஒளித்து வைக்க முடியுமா? சுவரோரம் எது ஓடினாலும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். பொழுது சாயும்வரை கண்ணாலேயே அந்த ஒயரைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அவள் குற்றவாளி மாதிரி வாசலுக்கும் அறைக்குமாக நடந்தாள்.

கடைசியில், "இது எண்ணுமா?" என்று கேட்டார்.

"எண்ணும்."

"உன்ன மாதிரியே?"

"கிட்டத்தட்ட."

"அப்ப எண்ணற வேலைய அதுகிட்ட குடுத்துடு. கைய எங்கிட்ட குடு."

அவள் சரி என்றாள். அதோடு விடவில்லை அவர். சத்தியம் வாங்கிக்கொண்டார். இனி அவள் எண்ணக் கூடாது. பிடித்தால் சும்மா பிடிக்க வேண்டும்.

எண் மகளின் ஃபோனிலும் தெரியும்படி செய்துகொடுத்தாள். மகள் வேலைக்கு நடுவில் அதைப் பார்த்துக்கொண்டு, "இருபத்தொம்பதும்மா" என்று போன் செய்வாள், கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது போல. "முப்பத்தொண்ணும்மா, என்னன்னு பாரு." பார்ப்பாள்; இருமியிருப்பார். வீட்டில் அவள் மட்டும் எண்ணவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. போகப் போகப் பழகியது. அத்தனை வருஷம் கூடவே இருந்த கையை அவள் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டைவிரல் அடியில் ஒரு தழும்பு. எப்படி என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக் குழாய் வெடித்த அன்றைக்குக் கிழித்ததாம். "முதலை கடிச்சது" என்றார். அந்தக் கொஞ்ச நாள்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. அதற்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

அந்த வார முடிவில் மகள் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினாள். காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள், சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள். அவருக்கு அன்று காலையிலிருந்தே அசதி. ஒரு வாய் காபி குடித்தார், ரொட்டி வேண்டாம் என்றார். மத்தியானம் அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"எட்டல" என்றார். கை தூக்க முடியாமல் மெத்தை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "மேல வா."

அவள் கட்டிலில் ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்து, அவர் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எண்ணறியா?"

"இல்லங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

உண்மையிலேயே எண்ணவில்லை. நெஞ்சைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலில் எதிர் வீட்டுத் துணிகளைப் பார்த்துக்கொண்டு, முதன்முதலில் குடியிருந்த ஒற்றை அறை வீட்டைப் பற்றிப் பேசினாள். அந்த வீட்டில் குழாய் ஒழுகும். ஊர்க் குழாயெல்லாம் சரிசெய்கிற மனிதருக்குத் தன் வீட்டுக் குழாயைப் பார்க்க நேரம் வரவே இல்லை. அவர் விரல் ஒரு தடவை அவள் கையை லேசாக அழுத்தியது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாராக்கும் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு அவர் தூங்கிவிட்டார். மேஜைமேல் இருந்த ஃபோனை ஒரு தடவை பார்த்தாள். இருபது. அப்பாடா என்று இருந்தது. எத்தனை நாளாயிற்று, இப்படி நிம்மதியாகத் தூங்கி. மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. அவளுக்கும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. கையை விடாமலே கண்ணயர்ந்துவிட்டாள்.

ஃபோன் அடித்து விழித்தாள். உட்கார்ந்தபடியே எட்டி எடுத்தாள். மகள்.

"அம்மா, பஸ்ல பாத்துக்கிட்டே வரேன்" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். "அப்பாவுக்குப் பதினாறும்மா. ரொம்ப நேரமா பதினாறுலயே நிக்குது. இவ்வளவு நல்லா வந்ததே இல்லையே. மருந்து ஏதாவது மாத்தினாங்களா?"

பதினாறு. காய்ந்துபோன அந்த நுரையீரல் நிம்மதியாகத் தூங்கிப் பதினாறு மூச்சு விடாது. எந்த மருந்துக்கும் விடாது. அந்த அறையில் அப்படி மூச்சு விடுகிற ஆள் ஒருத்திதான்.

திரும்பி அவரைப் பார்த்தாள். எண்ணக் கூடாது என்று சத்தியம் செய்திருந்த நெஞ்சைப் பார்த்தாள். புறங்கையை அவர் வாயருகே கொண்டுபோனாள். மூக்கிலிருந்த குழாயில் மெஷின் அனுப்புகிற காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த கை இன்னும் சூடாக இருந்தது. அது யாருடைய சூடு என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

யார் யாருடைய கடைசி மூச்சையோ பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு இவருடையது எப்போது போனது என்று தெரியாது. ஊருக்கெல்லாம் கட்டிலில் உட்காராதே என்று சொன்னவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்டதைக் கொடுத்தாள், அதற்காக இதை இழந்தாள். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குவரை அவளுக்குத் தெளியவில்லை.

டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும், மெஷினை நிறுத்த வேண்டும் என்று எழுந்தாள். கால் தரையில் பட்டது. ஃபோன் காதில்தான் இருந்தது.

"அம்மா?" என்றாள் மகள். "எண்ணு போயிடுச்சும்மா. ஒண்ணும் காட்டல. அம்மா, என்னாச்சு? அப்பாவப் பாரேன்."

பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில், ஜன்னலோரம், மடியில் பையை வைத்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்திருக்கிறாள் மகள். வந்து சேர இன்னும் பொழுது இருக்கிறது.

மூச்சக்கா திரும்பக் கட்டிலில் ஏறினாள். அவரை ஒட்டிப் படுத்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாயை இறுக மூடி, வந்த அழுகையை விழுங்கி, மெதுவாக மூச்சை இழுத்தாள். மெதுவாக விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"ஆங், வந்துடுச்சும்மா" என்றாள் மகள். "ஒயர் லூசா இருக்கும்போல. பதினெட்டு. இப்ப பதினேழு. சரிம்மா, அவர எழுப்பாத, தூங்கட்டும். நான் வந்துடறேன்."

"வா" என்றாள் அவள்.

போனை வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தாள். கூடாமல் குறையாமல், மகள் வந்து கதவைத் தட்டும்வரை, தன் மூச்சை.